இடது பக்கம் இழுக்கும் போர்டு

எத்திராஜுக்குப் பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை என்றும், வரும்போது அந்தச் சக்கரப் பலகையையும் கையோடு எடுத்துவர வேண்டும் என்றும் முனியப்பன் வந்து சொன்னான். அவன் ரேணிகுண்டாவில் எத்திராஜோடு ஒரே லேத்துப் பட்டறையில் வேலை செய்தவன். இரும்புச் சரக்கு எடுக்கச் சித்தூர் வந்த இடத்தில் வெல்ல மண்டிக்கு எட்டிப்பார்த்து, உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த சாந்தகுமாரை வெளியே கூப்பிட்டிருந்தான்.

"பலகை உன்கிட்டதானே கீது?"

"என் ரூம்லதான் இருக்குது."

"அத்த எடுத்துக்கினு வரச் சொல்லிச்சி அவங்கம்மா. படையல்ல வெக்கணுமாம். அவனுக்குப் புடிச்சது எல்லாம் வெக்கறாங்க இல்ல."

"வெச்சிட்டு?"

"வெச்சிட்டு இன்னா. சட்டை, செருப்பு, பலகை எல்லாத்தையும் மூட்டையா கட்டி சொர்ணமுகி ஆத்துல உட்டுடுவாங்க."

"ஆத்துல தண்ணி இல்லையே."

"தண்ணி இல்லன்னா மணல்ல உட்டுடுவாங்க," என்றான் முனியப்பன். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாதோ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

படையலுக்குப் பிறகு அந்தப் பலகை, அவர்கள் இருவரும் போர்டு என்று சொன்னது, சாந்தகுமாருக்குத் திரும்ப வேண்டும். அது மட்டும் தெளிவாக இருந்தது. கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் தெளிவாக இல்லை. அவன் எதையும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கிறவன். மாலையில் தட்டச்சு வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும் அன்றைய நடப்பை டைரியில் எழுதுவான். எழுதியதற்குக் கீழேயே 'சரியா?' என்று ஒரு கேள்வியும் போடுவான். எத்திராஜ் இறந்த அன்று அவன் எழுதியது: 'எத்தி போய்விட்டான். சுடுகாட்டுக்குப் போனேன். மழை இல்லை.' மறுநாள் அதைப் படித்துவிட்டு, மழையைப் பற்றி எழுதியவன் எப்படிப்பட்ட சிநேகிதன் என்று யோசித்தான். அழுகையும் வரவில்லை. அதற்கும் ஒரு 'சரியா?' போட்டான்.

முனியப்பன் வந்துபோன அன்று மாலை தட்டச்சு வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த இந்திராணி கேட்டாள்.

"உங்க ஃப்ரெண்டு அந்தப் பலகைலேந்து விழுந்துதானே செத்துப் போனாரு?"

"இல்லங்க. மஞ்சள் காமாலை."

"அப்பிடியா," என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "எல்லாரும் பலகைன்னுதானே சொல்லிக்கினு இருக்காங்க."

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சந்தைப்பேட்டை டீக்கடையில் ஒருவர், விழுந்தவனின் தலை எந்தக் கல்லில் மோதியது என்பது வரைக்கும் சொன்னார். எத்திராஜ் போர்டிலிருந்து விழுந்ததுண்டு. முழங்கை தோல் உரிந்ததுண்டு. ஆனால் அவனைக் கொண்டுபோனது பட்டறைக்குப் பக்கத்தில் குடித்த ஏதோ தண்ணீர். இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது என்பதைச் சாந்தகுமார் கவனித்தான். அதனால் பிறகு யாரிடமும் திருத்தவில்லை.

போர்டு முதலில் வந்தது சாந்தகுமாரிடம்தான். எண்பதாம் வருஷம் மிஷன் காம்பவுண்டில் இருந்த அமெரிக்க டாக்டர் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது, வீட்டுச் சாமான்களை மரத்தடியில் பரப்பி, மலிவாக விற்கும் ஜம்பிள் சேல் போட்டார்கள். சபையார் ஆளுக்கொன்றாக விளக்கு, திரைச்சீலை, கேக் செய்யும் தட்டு என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசிவரைக்கும் யாரும் தொடாமல் கிடந்தது ஒரு பலகை. அடியில் நாலு சக்கரம். டிரங்குப் பெட்டியை நகர்த்துவதற்கான வண்டி என்று நினைத்துச் சாந்தகுமார் வாங்கினான். வெதுருகுப்பத்தில் சர்ச்சு உபதேசியாராக இருந்த அவன் அப்பா தேவானந்தம், அதன்மேல் அரிசி மூட்டையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். மூட்டை ஒரு பக்கம் போனது, பலகை ஒரு பக்கம் போனது. "வெள்ளக்காரன் மூட்டையே தூக்கினதில்ல போலிருக்குது," என்று அதோடு அதை மூலையில் சாத்திவிட்டார்.

சக்கரம் ஒன்று இறுகிப்போய்ச் சரியாகச் சுற்றாததால் பேரிங் மாற்ற ரேணிகுண்டாவுக்கு எடுத்துப்போன இடத்தில்தான் எத்திராஜைப் பார்த்தான். லேத்தை நிறுத்திவிட்டு வந்தவன், பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே வைத்தான். ஒரு காலை வைத்து, இன்னொரு காலால் தரையை உந்தி, பட்டறைக் கோடி வரைக்கும் போய் டிரம்மில் இடித்து விழுந்தான். எழுந்து வந்து, "இத்த எதுக்குன்னு வாங்கினே?" என்று கேட்டான்.

"டிரங்குப் பெட்டி நகத்த."

எத்திராஜ் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் கேட்டான்: "ஞாயித்துக்கிழமை வூட்ல இருப்பியா?"

எத்திராஜின் வீடு திருப்பதியில். அப்பா ஆதிநாராயணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ரோட்டில் அடிபட்டு டிப்போவுக்கு வந்து நிற்கும் வண்டிகளைத் தினமும் பார்க்கிறவர். மகன் சக்கரப் பலகையில் நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கி மாடியில் வீசினார். "ரோடு பஸ்ஸுக்கு, லாரிக்கு. உன் பாதத்துக்குக் கீழ ஓடறதுக்கு இல்ல," என்றார். அதற்கப்புறம் போர்டு சித்தூரிலேயே, சாந்தகுமாரின் அறையில் கட்டிலுக்கடியில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சாந்தகுமார் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வெளியே வரும்போது, சர்ச்சுச் சுற்றுச்சுவர் மேல் எத்திராஜ் உட்கார்ந்திருப்பான்.

"இன்னாடா, பாதிரி ஐயரு இன்னிக்கி ரொம்ப நேரம் பேசினாரு? ஆமென் சொல்லி முடிச்சி உட வேண்டியதுதானே."

தண்ணீர்த் தொட்டி ரோடு என்று அவர்கள் சொல்லிக்கொண்டது, ஊருக்கு வெளியே ஒரு கரட்டின் மேல் கட்டிய தொட்டிக்குப் போட்ட தார் ரோடு. மேலேயிருந்து நேராக இறங்கி, அடியில் இடது பக்கம் வளைந்து பெரிய சாலையில் சேரும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால் சாந்தகுமார் வளைவில் நிற்பான். தோளில் ஒரு துண்டு. இரண்டு பக்கமும் பார்த்து, வண்டி இல்லையென்றால் துண்டை உயர்த்துவான். மேலேயிருந்து எத்திராஜ் "பத" என்று, போகலாம் என்பதைத் தெலுங்கில், தனக்குத்தானே ஒரு குரல் கொடுப்பான். அப்புறம் சக்கரச் சத்தம் கேட்கும். சத்தம் தொடங்கின பிறகு நிறுத்த முடியாது. அதனால் சத்தம் கேட்டதும் சாந்தகுமார் இன்னொரு தடவை ரோட்டைப் பார்ப்பான்.

அவனும் சில தடவை ஏறி நின்று பார்த்திருக்கிறான். உடம்பு வளையவில்லை. "உனுக்குக் காலுக்கும் தலைக்கும் நடுவுல இன்னாவோ கம்பி வெச்சிக் கட்டிட்டாங்கடா," என்று எத்திராஜ் சொன்னான். சாந்தகுமார் கீழேயே நின்றான். ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் கிழிந்த பக்கத்தில் ஸ்கேட்போர்டு என்ற பெயரைக் கண்டுபிடித்ததும் அவன்தான். ஜில்லாவில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர அந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பலகை பாதியில் பிளந்தபோது எத்திராஜ் பழைய பள்ளிக்கூட பெஞ்சியின் வேங்கைக் கட்டையை இழைத்துப் புதிதாகப் போட்டான். சக்கரங்களை லேத்தில் கடைந்தான். அச்சு இரண்டும் மட்டும்தான் பழையது. அச்சுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த ரப்பரை ஒரு பக்கம் மெல்லிசாகச் சீவி, நட்டை அதற்கேற்ற மாதிரி தளர்த்தி வைத்தான். அதனால் போர்டு தானாகவே இடது பக்கம் இழுக்கும்.

"ஏன்டா அப்பிடிப் பண்ணே?"

"வளைவு இடது பக்கம்தானே. நா காத்தோட வரும்போது யோசிக்க நேரம் ஏது? போர்டே யோசிச்சிக்கும்."

"அப்போ வேற ரோட்ல ஒழுங்கா போகாது."

"வேற ரோடு எங்கடா கீது நமக்கு?"

வேறு ரோடு ஒன்று அவன் மனசில் இருந்தது. திருமலையிலிருந்து இறங்குகிற மலைப்பாதை. "நடந்து ஏறிக்கினு போறன் இல்ல, எறங்கறது என் இஷ்டம்," என்பான். "வளைவுக்கு ஒரு ஆளு துண்டோட நிக்கணும். உங்க சர்ச்சுல எத்தனி பேரு கெடைப்பாங்க, கேட்டுச் சொல்லு." அது பேச்சோடு சரி.

போட்டு வைத்தால் போர்டை மல்லாக்கத்தான் வைக்க வேண்டும், சக்கரம் மேலே பார்க்கும்படி. அதுவும் எத்திராஜின் வழக்கம். சக்கரம் கீழே இருந்தால் எப்போது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஞாயிறன்று சாந்தகுமார் ஆராதனைக்குப் போகவில்லை. போர்டைச் சாக்குப் பையில் சுற்றி, காலை பஸ்ஸில் திருப்பதிக்கு ஏறினான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்தான். 'படையல் முடிந்ததும் நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்கலாம். 'முதலில் வாங்கியது நான்தான்' என்று கேட்டால் அற்பத்தனமாக இருக்கும். கேட்காமல் இருந்தால் போர்டு மணலுக்குப் போய்விடும். சந்திரகிரி தாண்டும்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அந்த முடிவு இல்லை.

இன்னொன்றும் முடிவு செய்திருந்தான். போகலாம், நிற்கலாம், படைத்ததைச் சாப்பிடக் கூடாது. அப்பா ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிடுவார். ஆனால் செத்தவர்களுக்குப் படைத்ததைக் கையில் வாங்க மாட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

வாசலில் எத்திராஜின் தங்கை அலர்மேல்மங்கை நின்றிருந்தாள். சாக்குப் பையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா விடியக் காலைலேருந்து கேட்டுக்கினே கீறாங்க. நீங்க வருவீங்களா, மாட்டீங்களான்னு."

"பஸ்ஸு லேட்டு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணும். அண்ணன் ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு வந்ததும் போர்ட எடுத்தாரச் சொன்னான். சும்மா கட்டில் பக்கத்துல வெச்சிக்கறேன், ஏறமாட்டேன்னான். மஞ்ச காமாலைல கெடக்கறவனுக்குப் பலகை ஒரு கேடான்னு அம்மா திட்டிட்டாங்க. அப்புறம் அவன் கேக்கவேல்ல. அம்மாகிட்ட ரெண்டு நாளு சரியாவே பேசல. அதோட போய்ட்டான். இப்போ அவன் கோவமாத்தான் போனான்னு ராத்திரி பகலா சொல்லிக்கினு கீறாங்க. சோறே எறங்கல."

சாந்தகுமாருக்கு இதில் எந்த இடத்தில் தன் கேள்வியைச் செருகுவது என்று தெரியவில்லை.

கூடத்தில் எத்திராஜின் படம் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பட்டறைக் கூட்டத்தோடு எடுத்த படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. தோள்மேல் யாருடைய கையோ ஒன்று இருந்தது. முன்னால் பாய், பாய்மேல் பெரிய தலைவாழை இலை. கறிக்குழம்பு, வடை, நெய் தோசை, மைசூர்பாகு, ஒரு பாக்கெட் சிகரெட். ஆதிநாராயணன் சிகரெட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா செல்லியம்மாதான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தாள்.

எத்திராஜின் அம்மா சுலோசனா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சாந்தகுமாரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எடுத்துக்கினு வந்தியா கண்ணு?"

"வந்தேம்மா."

அவன் போர்டை வெளியே எடுத்து, இலைக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்தான். செல்லியம்மா குனிந்து பார்த்தாள்.

"இன்னாடா இது, செத்த பல்லி மாதிரி மல்லாத்திப் போட்டுக்கினு. நேரா வை."

"இல்லங்க, இத்த இப்பிடித்தான் வெக்கணும்."

"ஏறி வர்றவன் சக்கரத்து மேலயா ஏறுவான்?" என்று சொல்லி அவளே அதைத் திருப்பி வைத்தாள். முன்சக்கரம் பாயின் ஓரத்தில் தட்டி நின்றது. அப்படியே நிற்கும் என்றுதான் சாந்தகுமாருக்கும் தோன்றியது. இந்த வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்ல தான் யார் என்றும் தோன்றியது. கையை எடுத்துக்கொண்டான்.

கற்பூரம் காட்டினார்கள். செல்லியம்மா எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க வேண்டும். இறந்தவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்புறம் திறந்து பார்த்தால் தெரியும், தண்ணீர் குறைந்திருக்கிறதா, இலை அசைந்திருக்கிறதா என்று. வந்தவன் கோபமாக வந்தானா, சந்தோஷமாக வந்தானா என்றுகூட அவள் ஊரில் சொல்வார்களாம்.

"ஒண்ணும் ஆவலன்னா?" என்று சுலோசனா கேட்டாள்.

செல்லியம்மா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள்.

கதவு போன மழைக்காலத்தில் ஊறி உப்பியிருந்தது. ஆதிநாராயணன் இரண்டு கையாலும் பலமாக இழுத்துச் சாத்தினார். தடாலென்று ஒரு சத்தம். எல்லோரும் சந்தில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் செருமினார். யாரோ மெல்ல இருமல் மருந்தைப் பற்றித் தெலுங்கில் பேசத் தொடங்கி நிறுத்தினார்.

அப்போது உள்ளே சக்கரம் உருண்டது.

சிமெண்டுத் தரையில் பேரிங் ஓடும் சத்தம். முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராக. ஏதோ பித்தளைப் பாத்திரம் கவிழ்ந்தது. எதிலோ இடித்து நின்றது. சந்தில் நின்ற அத்தனை பேரும் கதவைப் பார்த்தார்கள். அலர்மேல்மங்கை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சாந்தகுமார் கதவைப் பார்க்கவில்லை. சத்தம் காதில் விழுந்ததும் அவன் கை தோளுக்குப் போனது. அங்கே துண்டு இல்லை. தலை தானாகத் திரும்பி, சந்தின் ஒரு முனையையும் மறு முனையையும் பார்த்தது. ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. தூரத்தில்தான். வரலாம் என்று நினைத்தான். அப்புறம்தான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

கதவைத் திறந்தார்கள். போர்டு பாயைவிட்டு இறங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, சமையலறை வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றது. வழியில் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டிருந்தது. தண்ணீர் தனி வழியாக, கொல்லைப் பக்கத்து ஜலதாரையை நோக்கி நேராக ஓடிக்கொண்டிருந்தது. போர்டு மட்டும் நேராகப் போகாமல் இடது பக்கமாக வந்திருந்தது.

"அது நா ஒக்கார்ற எடம்," என்றாள் சுலோசனா. "அந்தப் படிலதான் ஒக்காந்து அரிசி பொடைப்பேன்."

செல்லியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ "கோவிந்தா" என்றார்கள். சுலோசனா மட்டும் அவசரப்படவில்லை. அவள் சாந்தகுமாரின் பக்கம் திரும்பினாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு கண்ணு. உனுக்குத்தான் இதப்பத்தித் தெரியும். இவங்க எனுக்காவச் சொல்லுவாங்க. நீ பொய் பேசமாட்டேன்னு எத்தி சொல்லியிருக்கான். அவந்தான் வந்தானா?"

சாந்தகுமார் தண்ணீரைப் பார்த்தான். தரை எந்தப் பக்கம் சாய்வு என்று அது காட்டிக்கொண்டிருந்தது. கதவு அடித்த அதிர்ச்சியில் சக்கரம் பாயோரத்தைத் தாண்டியிருக்கும். இதைச் சொன்னால் போர்டு வெறும் போர்டாகிவிடும். வெறும் போர்டை ஆற்று மணலில் போடவும் செய்யலாம், கேட்டால் அவனிடம் கொடுக்கவும் செய்யலாம். சொல்லாவிட்டால் அது இந்த வீட்டைவிட்டு அவன் கையில் வரப்போவதில்லை. கணக்கு எப்போதும்போல் இரண்டு பக்கமும் வந்தது. அவன் பொய் சொல்லவும் விரும்பவில்லை.

"தரை வாட்டம்..." என்று தொடங்கினான். சுலோசனாவின் முகம் மாறவில்லை; காத்திருந்தது. அவன் குரலைச் சரிசெய்துகொண்டான்.

"வாட்டத்துக்கு உருண்டிருந்தா அது தண்ணி போன வழிலதாம்மா போயிருக்கணும். இது இடது பக்கம் வந்துருக்குது. எத்தி அடில ரப்பரச் சீவி, நட்டத் தளத்தி, இடது பக்கம் இழுக்கற மாதிரி பண்ணி வெச்சிருக்கான். அவன் வெச்ச நட்டு அது. அப்புறம் யாரும் தொடல, நானும் தொடல."

"அப்போ அவன் கைதான் இங்க இட்டாந்துது."

"ஆமாம்மா. அவன் கைதான்."

சொன்னதை அவன் மனசுக்குள் திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தான். அதில் பொய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சுலோசனா போய்ப் படியில் உட்கார்ந்தாள். போர்டின் மேல் கையை வைத்தாள். அது கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வந்தது. "கோவம் இல்ல அவனுக்கு," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். அப்புறம் மகளைப் பார்த்து, "எல போடுடி. எல்லாரும் பசியா கீறாங்க, எனுக்கும் பசிக்குது," என்றாள்.

படையல் சோற்றை அவளே எல்லோருக்கும் பிசைந்து வைத்தாள். சாந்தகுமாரின் இலையில் வடை விழுந்தது. வயிறு சரியில்லை என்று சொல்வதற்கு அவன் வாயைத் திறந்தான். அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, "துன்னு," என்றாள். அவன் தின்றான். படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாதென்பதால் குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. அப்பாவை நினைத்தான். இதை டைரியில் எழுதும்போது கீழே என்ன போடுவது என்று நினைத்தான். இன்னொரு வடை கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் ஆதிநாராயணன் அவனைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிட வந்தார். சித்தூர் பஸ் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூடத்துத் தரை போடும்போது பக்கத்துல நின்னுக்கினு போட வெச்சவன் நானு," என்றார். "கழுவி உட்டா தண்ணி கொல்லைக்குப் போவணும்னு வாட்டம் வெக்கச் சொன்னேன்."

சாந்தகுமார் தலையை ஆட்டினான்.

"நட்டு சமாசாரம் எனுக்குத் தெரியாது. அத்த நீ சொன்னது நல்லதாப் போச்சி. இன்னிக்கித்தான் அவ முழுசா துன்னா." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பலகைய ஆத்துக்கு அனுப்பல. வூட்லயே வெச்சிக்கறாளாம். செத்தவன் சாமான வெக்கக் கூடாதுன்னு அக்கா கத்திக்கினு கீறா. கத்தட்டும்."

"சரிங்க."

"அது உன்துன்னு எம் பொண்ணு அலமேலு சொல்லிச்சி. நீ வாங்கினதாமே."

"பலகை அவன் போட்டதுங்க. சக்கரமும் அவன் கடைஞ்சது. அடில இருக்கற அச்சு மட்டும்தான் என்து."

"கழட்டித் தரட்டா? வேற எதுனா போட்டுக்கலாம். அவளுக்குத் தெரியாது."

சாந்தகுமார் பஸ்ஸின் டயரைப் பார்த்தான். காலையிலிருந்து கேட்க நினைத்தது அதுவாகவே வந்து முன்னால் நின்றது.

"வேணாங்க. கழட்டினா நட்டு மாறிடும். அப்புறம் நேராப் போவும்."

ஆதிநாராயணன் அதை யோசித்துப் பார்த்தார். மெக்கானிக்குக்கு அது புரிகிற விஷயம். "ஆமா," என்றார். "திரும்ப அந்த எடத்துக்குக் கொண்டார முடியாது."

டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். சாந்தகுமார் ஜன்னல் பக்கம் இடம் பிடித்தான். ஆதிநாராயணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உள்ள சத்தம் வந்துதே, அப்போ எல்லாரும் கதவப் பாத்தாங்க. நீ மட்டும் ரோட்டப் பாத்த. ஏன்?"

சாந்தகுமார் ஜன்னல் பக்கம் குனிந்தான். சரியாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தான்.

"அவன் மேலேந்து எறங்கும்போது நான் கீழ வளைவுல நிப்பேங்க. வண்டி வருதான்னு பாத்து, இல்லன்னா துண்டத் தூக்குவேன். சத்தம் கேட்டா இன்னொரு தடவ பாக்கணும். அது பழக்கம்."

"எல்லா வாரமும்?"

"எல்லா வாரமும். நான் அதுதாங்க பண்ணேன். ஏறி ஓட்ட வரல எனக்கு."

"ஒரு வண்டிலயும் மாட்டல இல்ல அவன்."

"இல்லங்க."

ஆதிநாராயணன் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நா இத்தினி நாளா அவன் தனியா ஓட்டிக்கினு இருக்கான்னுதான் நெனச்சேன்," என்றார்.

பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டும். கண்டக்டர் முன்பக்கம் ஒரு கிழவியோடு மூட்டைக்கு லக்கேஜ் போடுவதைப் பற்றித் தகராறில் இருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். டிப்போக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆதிநாராயணன் பஸ்ஸுக்குப் பின்னால் போய், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு மாட்டு வண்டி போகும்வரை காத்திருந்தார். அப்புறம் தோளிலிருந்து துண்டை எடுத்து உயர்த்தினார்.

"வா... வா... வரலாம்."

பஸ் பின்னுக்கு நகர்ந்தது. சாந்தகுமார் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு தெரிந்த வரைக்கும் பார்த்தான். அது கலங்கலாகத் தெரியத் தொடங்கியபோது, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.